பதினெட்டு மீட்டர் நடை

எங்கள் வீட்டில் எந்த அளவையும் நம்ப முடியாது. கூடத்துக் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடும். பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று என் மனைவி செய்து வைத்த ஏற்பாடு அது. முந்தி ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரியுமாதலால் எல்லாரும் பத்து நிமிஷம் தாமதமாகவே கிளம்புகிறோம். எடை பார்க்கும் மெஷினில் ஆள் ஏறுவதற்கு முன்பே முள் சைபருக்கு இரண்டு கிலோ பின்னால் நிற்கும். அதைத் திருத்தப் போனபோது வீட்டுப் பெண்கள் காட்டிய ஒற்றுமையை வேறெந்த விஷயத்திலும் நான் கண்டதில்லை. ரசத்துக்குப் புளி கையளவு. எனக்கு மரியாதை அவரவர் மனசளவு.

உத்தியோகத்தில் இருந்தவரை, கணக்கு ஒரு ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்குப் போகாமல் லெட்ஜரைப் புரட்டியவன் நான். அப்படிப்பட்டவனுக்கு ஓய்வுக்காலத்தில் வாய்த்த ஒரே ஆறுதல், கார் ஷெட்டில் ஆணியில் தொங்கும் மருந்து டேங்க். பதினாறு லிட்டர், முதுகில் மாட்டிக் கையால் அடிக்கும் மாடல். கார் ஷெட் என்றேனே தவிர, எங்களிடம் கார் கிடையாது. நிமிஷத்துக்கு 900 மில்லி தரும் அந்த டேங்க். நேற்றும் 900, இன்றும் 900. என் பேச்சுக்கு இந்த வீட்டில் அப்படியொரு நிலையான மதிப்பு ஒருநாளும் கிடைத்ததில்லை.

அது என் முதுகுக்கு வந்த கதை, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதைதான். உடுமலைப்பேட்டைக்கு வெளியே எங்கள் லே-அவுட். ரோட்டின் இருபுறமும் பார்த்தீனியம் இடுப்புயரத்துக்கு வளர்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்து, பார்க்க என்னவோ அழகாகத்தான் இருக்கும். அழகை ரசிப்பவர்கள் தும்மிக்கொண்டே ரசிக்க வேண்டும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் களையெடுப்புக்கு ஓர் எஸ்டிமேட் வைத்தார்கள்; பரப்பு ஒரு ஏக்கர் என்று போட்டிருந்தது. என் கை தானாக உயர்ந்துவிட்டது. "ரோடு நூத்தியிருபது மீட்டர். ரெண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகலம். ஆக 240 சதுர மீட்டர். ஆறு சென்ட்கூட முழுசா வராதுங்க" என்றேன். செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்ததாக நினைத்துக்கொண்டேன். "இவ்வளவு கரெக்டாத் தெரியுதுல்லங்க? அப்ப நீங்களே பாத்துருங்க" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று.

பார்த்தீனியத்தின் பூர்வீகம் மெக்சிகோ பக்கம். 1950களில் அமெரிக்கக் கோதுமையோடு ஓசிப் பயணமாக வந்து, புனே பக்கம் இறங்கி, பிறகு தண்டவாளம், வாய்க்கால், ரோட்டோரம் என்று நாடு முழுக்கப் பரவியதாகச் சொல்வார்கள். ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். ஆடு மாடு வாய் வைக்காது. மெக்சிகோவிலிருந்தே ஒரு வண்டைக் கொண்டுவந்து 1984இல் பெங்களூரில் விட்டார்கள். அது இலையைத் தின்று கொஞ்சம் உபகாரம் செய்தது. எங்கள் லே-அவுட்டுக்கு அந்த வண்டு வரவில்லை. சங்கத்தில் உறுப்பினராகச் சேரச் சொல்லிவிடுவோம் என்று பயந்திருக்கும்.

உரக்கடைக்குப் போய், "களைக்கொல்லி வேணும்" என்றேன். கடைக்காரர் என் வேட்டியைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "காட்டுக்குங்களா?"

"ரோட்டுக்கு."

"ரோட்டுல என்னங்க வெள்ளாமை?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் நிதானமாக விளக்கினார். கிளைபோசேட் என்றால் 2022 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஆணை போட்டிருக்கிறது. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் இருப்பவர்கள் மூலமாகத்தான் அதைப் பயன்படுத்தலாம். பொழுதுபோகாத ரிட்டயர்டு ஆட்கள் அந்த வகையில் சேர மாட்டார்கள். கடைசி வாக்கியம் அவர் சொன்னதில்லை, அவர் முகத்தில் நான் படித்தது. அதோடு இன்னொன்றும் சொன்னார். "உங்க பக்கத்து போர்த் தண்ணிக்கு அது சரிப்படாதுங்க. உப்புத் தண்ணி, கலங்கல் தண்ணி ரெண்டுலயும் மருந்து செத்துரும்." இது உண்மை. தண்ணீரிலுள்ள கால்சியமும் களிமண்ணும் கிளைபோசேட்டைப் பிடித்துக்கொண்டுவிடும். செடிக்குப் போய்ச் சேர ஒன்றும் மிஞ்சாது. எங்கள் போர்த் தண்ணீரில் பருப்பே வேகாது. களை எங்கே சாகும்?

"பேசாம உப்பு அடிங்க. சாப்பாட்டு உப்பு" என்றார். கேலி செய்கிறார் என்று எடுத்துக்கொண்டு கோபமாக வீடு திரும்பினேன். விசாரித்தால், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே இருக்கிறது: பயிர் இல்லாத இடத்துப் பார்த்தீனியத்துக்கு, லிட்டர் தண்ணீரில் 200 கிராம் உப்பும் 2 மில்லி சோப்புத் திரவமும் கலந்து, பூக்குமுன் செடி முழுக்க நனையும்படி அடிக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே, மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது கையுறை போட்டு வேரோடு பிடுங்கிவிடுவது சிறந்தது என்றும் இருந்தது. அந்த வரியை என் மனைவி படிக்குமுன் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

டேங்க் என் மச்சினனுடையது. அவனுக்குப் பக்கத்துக் கிராமத்தில் தக்காளிக் காடு. பேட்டரி டேங்க் வாங்கியபிறகு பழையது கோழிக்கூண்டுமேல் கிடந்தது. கொடுக்கும்போது, "மாமா, இதுல டூ ஃபோர் டி அடிச்சிருக்கு. நல்லாக் கழுவாம எந்தச் செடிக்கும் அடிச்சராதீங்க. தக்காளிப் பக்கமே கொண்டு வராதீங்க" என்றான். 2,4-டி என்பது மக்காச்சோளத்தில், கரும்பில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிப்பது. தக்காளி, பருத்தி, திராட்சை மூன்றுக்கும் அது ஆகாது. டேங்க் அடியில் ஒட்டியிருக்கும் மிச்சசொச்சமே போதும். இலை சுருண்டு, நுனி முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே களைக்கொல்லிக்கு ஒரு டேங்க், பூச்சி மருந்துக்கு ஒரு டேங்க் என்று தனித்தனியாக வைத்துக்கொள்வதே விவரமானவர் வழக்கம்.

கழுவுவது என்றால் டேங்குக்குள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்ப்பதில்லை. மூன்று முறை அலச வேண்டும். ஒவ்வொரு முறையும் கைபிடியை அடித்து, ஹோஸ், லான்ஸ், நாசில் எல்லாவற்றின் வழியாகவும் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். விஷம் ஒளிந்திருப்பது ஹோஸில்தான். பிறகு அம்மோனியா கலந்த தண்ணீரை ஓர் இரவு முழுக்க நிரப்பி வைத்து, மறுபடி அலச வேண்டும். அந்த இரவு அம்மோனியா நெடியில் தெரு நாய்கூட எங்கள் வாசலில் படுக்கவில்லை. அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, கிணற்றுப் பக்கம் கூடாது, கறிவேப்பிலை அடியில் கூடவே கூடாது. அதைக் குடம் குடமாகச் சுமந்துகொண்டு அலைந்தபோதுதான், எங்கள் மனையில் எதுவுமே வளராத இடம் ஒன்றுகூட இல்லை என்ற உண்மை விளங்கிற்று. மச்சினன் காட்டு வரப்பிலேயே கழுவியிருந்தால் வேலை முடிந்திருக்கும்; தக்காளி இருக்கிறதே.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தொட்டியில் நாலு தக்காளி நாற்று வைத்து, கடைசியாக அலசிய தண்ணீரை அதன்மேல் தெளித்துச் சில நாள் பார்க்க வேண்டும். நான் தினமும் காலையில் பூதக்கண்ணாடியோடு அந்தத் தொட்டிமுன் உட்கார்ந்திருப்பதை, நான் தோட்டக்கலையில் இறங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டு என் மனைவி சந்தோஷப்பட்டாள். இலை சுருளவில்லை. டேங்க் பாஸ்.

அடுத்தது பிரித்துப் பூட்டுவது. பம்புக்குள் இருக்கும் வாசர் காய்ந்து கருவாடாகியிருந்தது. புதிது வாங்கிவந்து போட்டு, விளக்கெண்ணெய் தடவி, வெறும் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டினேன். முன்பக்கம் ரோட்டில் விழுந்ததைவிடப் பின்பக்கம் சட்டைக்குள் இறங்கியது அதிகம். எதையும் முதலில் வெறும் தண்ணீரில் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். மருந்தாக இருந்திருந்தால் களைக்கு முன் நான் போய்ச் சேர்ந்திருப்பேன். மூடியின் வளையத்தையும் மாற்றியபிறகு ஒழுகல் நின்றது. நாசில் அடைத்திருந்தால் வாயை வைத்து ஊதக்கூடாது, ஊக்கால் குத்தக்கூடாது. பழைய பல் துலக்கும் பிரஷ்தான் சரி. பழையது எது, புதியது எது என்பதில் எனக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. பிரஷ் அவளுடையது.

மச்சினன் ஆட்கள் காலகாலமாக ஊக்கால் குத்திய நாசிலை அளந்து பார்த்தேன். புதிதில் 900 மில்லி தரவேண்டியது 1,300 தந்தது. பத்து சதவீதம் கூடினாலே நாசிலைத் தூக்கி எறிய வேண்டும் என்பது பொதுவிதி. அதாவது, பத்து டேங்க் மருந்து அடிக்க வேண்டிய இடத்தில் அவன் பதினான்கு டேங்க் அடித்திருக்கிறான். இதைப் போனில் சொன்னபோது, "மாமா, அதனாலதான் நம்ம காட்டுல களையே இல்ல" என்று பெருமைப்பட்டான். புதிதாக வாங்கும்போது விசிறி நாசிலாகப் பார்த்து வாங்கினேன். பூச்சி மருந்துக்குப் போடும் கூம்பு நாசில் புகைபோலத் தூவும். களைக்கு அது வேண்டியதில்லை, காற்றில் பறந்து அக்கம்பக்கத்து முருங்கையில்தான் உட்காரும்.

அளக்க எது பாத்திரம் என்பதில்தான் குடும்பம் ஆட்டம் கண்டது. மில்லி கோடு போட்ட பாத்திரம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று: மிக்ஸியின் பெரிய ஜாடி. "வெறும் தண்ணிதானே, கழுவியாச்சே, தக்காளியே சாட்சி" என்று வாதாடினேன். "அந்த ஜாடி இனி சமையக்கட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போறனுங்க" என்றாள். இதில் அவள் பக்கம்தான் நியாயம். மருந்து தொட்ட பாத்திரம் வாழ்நாள் முழுக்க மருந்துப் பாத்திரம்தான். சோடா பாட்டிலில் ஊற்றிவைத்து, தெரியாமல் எடுத்துக் குடித்து உயிர் போன செய்திகளை நாம் படிக்காததா? ஜாடி கார் ஷெட்டுக்குக் குடிபோயிற்று. புது மிக்ஸி வந்தது. களையெடுப்புச் செலவில் பெரிய இனம் அதுதான், சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி அளவுத் திருத்தம். என் வாழ்வின் பொற்காலம் என்று இதைச் சொல்வேன். ரோட்டில் கோலமாவால் 25 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் கட்டம் போட்டேன். 25 சதுர மீட்டர். அதை 400 மடங்காக்கினால் ஓர் எக்டர். கட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வழக்கமான நடையில் நடந்து வெறும் தண்ணீர் அடித்தேன். 30 வினாடி ஆயிற்று. 900 மில்லியில் பாதி, 450 மில்லி செலவு. நானூறால் பெருக்கினால் எக்டருக்கு 180 லிட்டர். கைத்தெளிப்பானுக்கு வழக்கமாகச் சொல்வதோ எக்டருக்கு 500 லிட்டர். உப்புக் கரைசல் இலையெல்லாம் நனைய வேண்டும் என்பதால் அதைக் குறைக்கவும் முடியாது.

பெரிய நாசில் போடலாம், காசு. மெதுவாக நடக்கலாம், இலவசம். கணக்குப்பிரிவுக்காரன் எதைத் தேர்ந்தெடுப்பான்? ஆனால் கணக்குப் போட்டதில் வந்த விடை, நிமிஷத்துக்கு 18 மீட்டர். 25 மீட்டரைக் கடக்க 83 வினாடி. பதினெட்டு மீட்டர் என்பது நடை இல்லை. நிலைக்கு வரும் தேர் மாதிரி ஓர் அசைவு. ஒரு காலை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, அடுத்த காலை எடுக்கலாமா என்று யோசித்துவிட்டு எடுக்க வேண்டும். வலது கை லான்ஸை முழங்கால் உயரத்தில், ஆட்டாமல் அசைக்காமல் பிடிக்க வேண்டும். இடது கை, அழுத்தம் ஏறாமல் இறங்காமல், ஒரே தாளத்தில் கைபிடியை அடிக்க வேண்டும். போனில் டிக் டிக் என்று தாளம் போடும் செயலியை இறக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இதில் முக்கியமான நிபந்தனை, யாரோடும் பேசக்கூடாது. பேசினால் வேகம் மாறும். வேகம் மாறினால் எக்டர் கணக்கு போயிற்று. எங்கள் ஊரில் ரோட்டில் போகிறவர் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுப் பதில் சொல்லாமல் போவது பகையறிவிப்புக்குச் சமம். பால்காரர் கேட்டார்; டிக் டிக் என்று நகர்ந்தேன். எதிர்வீட்டு ஆசிரியர் கேட்டார், டிக் டிக். முதுகில் சுமை, முகத்தில் மாஸ்க், கையில் கோல், சட்டைப்பையில் டிக் டிக் சத்தம், கண் நேராக அடிவானத்தில். சாயங்காலம் ஆசிரியர் வீட்டம்மா என் மனைவியிடம் வந்து, தணிந்த குரலில், "அண்ணனுக்குப் பக்கவாதம் கிக்கவாதம்னு ஒண்ணும் இல்லீங்களே?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் மனைவி, "அதெல்லாம் இல்லீங்க, கடைக்குப் போகச் சொன்னா எப்பவுமே இந்த வேகந்தான்" என்றாளாம்.

தண்ணீர் சரிசமமாக விழுகிறதா என்றும் பார்த்தாக வேண்டும். வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் ஒரு கோடு அடித்துவிட்டு, எங்கே முதலில் காய்கிறது, எங்கே கடைசியில் காய்கிறது என்று கவனித்தால் போதும். என் கோட்டில் நடுவில் ஈரம் தங்கி, இரண்டு ஓரமும் சீக்கிரம் காய்ந்தது. நாசிலை இன்னும் நாலு விரல் உயர்த்தினேன், சரியாயிற்று. நடுரோட்டில் குந்தி உட்கார்ந்து ரோடு காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவனைச் சுற்றிக்கொண்டு டவுன் பஸ் ஒன்று, ஹாரன் அடிக்காமல், மெதுவாக, அனுதாபத்தோடு போயிற்று.

இவ்வளவும் வெறும் தண்ணீரில். ரோட்டோரம் நான் தினமும் எக்டருக்கு 500 லிட்டர் வீதம் ஊற்றிய தண்ணீரில் பார்த்தீனியம் தளதளவென்று வளர்ந்தது. செயலாளர் வந்து பார்த்துவிட்டு, "நம்ம பார்க்குக்கும் இதே மாதிரி அடிச்சு விடுங்க" என்றார்.

உப்படிக்கும் நாள் மட்டும் அமையவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் எங்கள் ஊரில் எப்படி வீசும் என்பது, சுற்றிலும் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். கரண்ட் எடுக்கிறவனுக்கு அது சொர்க்கம்; மருந்தடிக்கிறவனுக்கு, தான் அடித்ததைத் தானே குளிப்பது. காற்றில்லாத நேரம் விடியற்காலை. உப்பு வேலைசெய்ய வேண்டியதோ சுள்ளென்ற வெயிலில். தண்ணீர் கேனை வெட்டி நாசிலுக்குக் குடை மாதிரி மாட்டிப் பார்த்தேன்; முதல் வீச்சிலேயே குடை மட்டும் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டது.

காற்று அடங்கிய பிறகு ஒரு நாள் வாய்த்தது. 240 சதுர மீட்டருக்கு எக்டருக்கு 500 லிட்டர் வீதம் 12 லிட்டர். உப்பு 2 கிலோ 400 கிராம். சோப்பு 24 மில்லி. ஒரு டேங்க்கூட முழுதாக வேண்டியதில்லை என்று அப்போதுதான் என் மனைவிக்குத் தெரிந்தது. எனக்கு முன்பே தெரியும், சொல்லவில்லை. கல் உப்பில் தூசும் மணலும் இருக்கும், அப்படியே ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும். ஆகவே வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டினேன்.

நட்டு வைத்த புங்கங்கன்றுகளையும் வீட்டுச் சுவர்களையும் தள்ளி அடித்துக்கொண்டு வந்தேன். உப்புக்குக் களை, கன்று, காரை என்ற பேதம் தெரியாது. பாதியில் ஒரு பாட்டி, மடியில் தும்பையும் குப்பைமேனியும் பறித்துக் கட்டியபடி வந்தார். தாளத்தை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: "பாட்டி, இங்க பறிக்காதீங்க, மருந்தடிக்கறேன்."

"என்ன மருந்து தம்பி?"

"உப்புக் கரைசல்."

பாட்டி மடியை இன்னும் இறுக்கினார். "நல்லதாப் போச்சு. வேகவைக்கறப்ப போட வேண்டியதில்ல."

உப்பிட்டவரை ஆயுசுக்கும் மறக்கக் கூடாதென்பார்கள். பார்த்தீனியத்துக்கு மறக்கவோ நினைக்கவோ அவகாசம் இல்லை. மூன்றாம் நாளே இலை கருகிச் சுருண்டது. இளஞ்செடிகள் போயே போய்விட்டன. பூத்து முற்றிய தண்டுகளில் சில, அடியிலிருந்து மறுபடி துளிர்த்தன. வெயில் பட்ட இடத்தில் கோரை எழுந்தது. அதன் கிழங்கை உப்பும் தொடாது, என் கணக்கும் தொடாது. அடித்து முடித்த கையோடு டேங்கை மூன்று முறை அலசி வைத்தேன், ஸ்பிரிங் துருப்பிடிக்காமலிருக்க. மறுநாள் அளந்தால் 780 மில்லி! ராத்திரி தூக்கமில்லை. காலையில் ஃபில்டரைக் கழற்றினால், அரிசிமூக்கு அளவு மணல் துகள் ஒன்று. பிரஷ் போட்டதும் 900.

செலவுக் கணக்கைச் சங்கத்தில் கொடுத்தேன். பொருளாளர் உப்புக்கு ஜி.எஸ்.டி. பில் கேட்டார், உப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று நிரூபிக்க ஒரு கூட்டம் செலவாயிற்று. எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில் அடுத்த பிரச்சினை. சங்கக் கணக்கில் உப்பு வரக்கூடிய ஒரே தலைப்பு அன்னதானம். எனவே பார்த்தீனியத்துக்கு அன்னதானம் செய்ததாக நிரந்தரமாகப் பதிவாகியிருக்கிறது. பிறகு அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "மூணு கிலோ வாங்கியிருக்கீங்க. ரெண்டே முக்காலே அரைக்கால்னு இல்லாம, சுத்தமா ரெண்டு நானூறு செலவு. அப்ப மீதி அறுநூறு கிராம்?"

எனக்கு நிகரான ஓர் ஆளைச் சந்தித்த மகிழ்ச்சியில் நெஞ்சு நிறைந்தது. கார் ஷெட்டுக்கு அழைத்துப் போய், பெயர்ச்சீட்டு ஒட்டிய டப்பாவைக் காட்டினேன். அவர் தராசோடு வந்திருந்தார். ஐப்பசி அடைமழை, கல் உப்பு நாலு நாளாக ஈரக்காற்றைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. எடை 640 கிராம் காட்டிற்று. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருப்பு குறைந்தால் எழுத வழி உண்டு: சேதாரம், சிந்தியது, எலி. கூடினால்? அடுத்த கூட்டத்துக்கான அஜெண்டா நேற்று வந்தது. ஒன்று, தெருவிளக்கு. இரண்டு, கணக்கில் வராத 40 கிராம் உப்பு குறித்து விளக்கம் பெறுதல்.